வளையில் மிச்சம் வைத்த நெல்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வைக்கும் மரத்தட்டின் மேல், ஆறு வருடமாக ஒரு மண்சட்டி இருந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவு. வாய்ப்பக்கம் கரி ஏறிக் கறுத்திருக்கும். அடியில் சுண்டுவிரல் நுழையும்படி ஒரு துளை, அதைச் சுற்றியும் கரி. வயிற்றில் ஒட்டிய காகிதச் சீட்டில் நீல மையால் ஒரு கோப்பு எண் எழுதியிருக்கும்; எழுத்து என்னுடையது. வீட்டுக்கு வருகிறவர்கள், "செடி வைக்கலாமே, தண்ணி வடிய ஓட்டைகூட இருக்குதே" என்பார்கள். என் கணவர் உடனே, "அதுல ஏற்கெனவே ஒண்ணு வளந்துக்கினுதான் இருக்குது, தண்ணியே ஊத்தாம" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். அவருக்கு என்னைச் சீண்டாவிட்டால் காப்பி இறங்காது. நான் எழுந்து எதையாவது துடைக்கப் போய்விடுவேன். அந்தச் சட்டி இருக்கிற கூடத்தில் நான் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராகி, கடைசியில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் 'ஆர்.ஐ. அம்மா'தான். வேகமானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒரு கோப்பு என் மேசையில் மூன்று நாள் தங்கினால் எனக்குக் கை அரிக்கும். அந்த வேகத்தை அப்போது திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆய்வாளராக இருந்தபோது, தென்னேரி ஏரிக்கரையில் இருந்த இருளர் குடும்பம் ஒன்றின் மனு என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பழங்குடி என்பதற்கான சாதிச் சான்றிதழை இருபது நாளுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் போய்விடும். மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அப்பாவின் சான்றிதழை நகலெடுத்து வைப்பார்கள், அத்தையின் சான்றிதழை வைப்பார்கள், முடிந்தது. இருளர் வீட்டில் அப்பா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பட்டா கிடையாது. ஒரே இடத்தில் இருந்ததற்கான சாட்சியும் கிடையாது. ஏரிக்கரையில் இருந்தால் ஒருவன் விரட்டுவான், அரிசி ஆலையில் இருந்தால் வேலை முடிந்ததும் முதலாளி விரட்டுவான். இவர்கள் பெயரைச் சொல்லிப் பொய்ச் சான்றிதழ் வாங்கப் பார்த்த சில பேரால், உண்மையான இருளரைத்தான் அலுவலகம் முதலில் சந்தேகப்பட்டது. சான்றிதழ் தருவது கோட்டாட்சியர் என்றாலும், களத்துக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டியவள் நான்.

பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு வழக்கம் எங்கள் அலுவலகங்களில் இருந்தது. 'குலத்தொழில் தெரிகிறதா, செய்து காட்டச் சொல்' என்பார்கள். பாம்பு பிடித்துக் காட்டு, எலி பிடித்துக் காட்டு. மற்ற சாதிக்காரன் யாரையும் நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. என் சாதிச் சான்றிதழுக்கு என்னை யாரும் வயலில் இறக்கி நாற்று நடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டாவது வரப்பில் வழுக்கி விழுந்திருப்பேன். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. தலையாரியைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பிவிட்டேன்.

நவரைப் பட்டத்து நெல்லை அறுத்து முடிந்த வயல். வெயில் பத்து மணிக்கே கொதித்தது. அந்தப் பெண்ணின் அம்மா எங்களுக்காக ஏரிக்கரையிலேயே காத்திருந்தாள். அறிக்கையில் அவளை 'மனுதாரரின் தாய்' என்று எழுதினேன். பின்னால் அலுவலகத்தில் எல்லோரும் 'சட்டிக்காரம்மா' என்றார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியும். கோப்பில் நான்கு இடத்தில் இருந்தது. ஆனாலும் அதை இங்கே எழுதக் கை வரவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவளை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை 'அம்மா' என்றாள்.

"எலி பிடிப்பியா?" என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேக்குறீங்க. எங்கப்பா பாம்பு புடிச்சவரு. தோலு வியாபாரத்த கவருமெண்டு நிறுத்தினப்புறம் காட்டுக்குள்ள வுடல. அப்பறம் எலிதான் எங்களுக்குச் சோறு. வாங்க, காட்டுறேன்."

வரப்பில் குனிந்து ஒவ்வொரு துவாரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். சிலவற்றின் முன் நின்று மண்ணை விரலால் தேய்த்து முகர்ந்தாள். ஒரு வளையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இருந்த மற்ற மூன்று வாய்களையும் சேறு பூசி அடைத்தாள். பிறகு இந்தச் சட்டியை எடுத்தாள். உள்ளே காய்ந்த வைக்கோலும் பச்சிலையும் திணித்து நெருப்பு வைத்து, சட்டியின் வாயை வளையின் வாயோடு சேர்த்து அழுத்தி, அடியிலிருந்த துளையில் தன் வாயை வைத்து ஊதினாள். புகை பாதி வளைக்குள் போயிற்று, பாதி அவள் கண்ணுக்குள் போயிற்று. இருமுவாள், முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவாள், மறுபடி ஊதுவாள். அவள் நிமிர்ந்தபோது உதட்டைப் பார்த்தேன். ஓரங்களில் வெந்து காய்ந்து, அதன் மேல் மறுபடி வெந்து காய்ந்த தழும்பு, கறுப்பாக ஒரு வட்டம். இருபது முப்பது வருடம் ஊதாத வாயில் அப்படி ஒரு வட்டம் விழாது. என் கண் அதைப் பார்த்தது. என் அறிக்கையில் அது இல்லை.

கடப்பாரையால் வளையை வெட்டிக்கொண்டே போனாள். மயங்கிக் கிடந்த எலிகள் நான்கைந்தை எடுத்துப் பையில் போட்டாள். இன்னும் உள்ளே போனதும் எலி சேர்த்து வைத்திருந்த நெல் தெரிந்தது. கதிர் கதிராக, யாரோ அடுக்கி வைத்ததுபோல். முறத்தில் அள்ளினாள். அப்போது வயிறு பருத்த எலி ஒன்று கைக்கு வந்தது. அதைப் பையில் போடாமல் ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்து, பின் வளைக்குள்ளேயே விட்டாள். நெல்லில் ஏறக்குறைய பாதி இன்னும் கிடந்தது. அதையும் விட்டுவிட்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.

"ஏன் மூடுற? இன்னும் நெல்லு கிடக்குதே" என்றேன்.

"அது அங்கயே இருக்கட்டும்மா."

தலையாரி என் காதருகே வந்தார். "பாத்தீங்களாமா, பாதியில எழுந்துக்கிச்சி. நெசமான இருளருன்னா ஒரு மணி நெல்லு வுடுமா? கையில வந்த எலிய வுடுமா? யாரோ சொல்லிக் குடுத்து வந்திருக்குது" என்றார்.

அவர் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னது எனக்கும் தோன்றிவிட்டது என்பதுதான் உண்மை. காரணம் இருந்தது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் உண்டு. அறுப்பு முடிந்ததும் என் அப்பா எலி பிடிக்க இருளர்களைக் கூப்பிடுவார். சின்ன வயதில் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். வளையை அடி வரைக்கும் தோண்டுவார்கள், கடைசி மணிவரை கூட்டி அள்ளுவார்கள், குஞ்சு எலியைக்கூட விட மாட்டார்கள். இருளர் என்றால் அப்படித்தான், எதையும் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று என் மனதில் பதிந்துவிட்டது. இந்த அம்மா மிச்சம் வைத்தாள். ஆகவே இவள் இருளர் இல்லை. கணக்குப் போடுவதில் நான் எப்போதும் வேகம்.

ஏன் விட்டாய் என்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஜீப் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார், வெயில் மண்டையைப் பிளந்தது, மதியம் கோட்டாட்சியர் கூட்டம் இருந்தது.

'மனுதாரரின் தாய் எலி வளையை முழுமையாகத் தோண்டவில்லை. கிடைத்த நெல்லில் பாதியை விட்டுவிட்டார். பிடிபட்ட எலி ஒன்றையும் விடுவித்தார். எனவே இக்குடும்பத்தினர் மேற்படி இனத்தின் பழக்கவழக்கங்களைக் கடைப்பிடிப்பவர்களாகத் தெரியவில்லை.' அன்று மாலையே எழுதி அனுப்பினேன். எழுத்து அழகாக இருந்தது. மனு தள்ளுபடியானது. அந்தப் பெண்ணின் இடம் வேறு யாருக்கோ போனது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தாள். முகூர்த்த நாள், காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஓரிக்கையில் இருக்கிற வீட்டிலிருந்து நான் வந்து சேரவே பதினொன்றாகிவிட்டது, அந்த எரிச்சல் வேறு. அவள் வராந்தாவில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன்: நெல்லை விட்டாய், எலியை விட்டாய், உண்மையான இருளர் விடுவார்களா?

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவள் எழுந்து வந்து சட்டியை என் மேசை மேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்தாள்.

"இத எடுத்துக்கினு போ" என்றேன்.

"எடுத்துக்கினு போவ மாட்டேன். இது இங்கயே இருக்கட்டும்மா. நா வரேன்."

போய்விட்டாள். மேசை மேல் கரி. ஒரு வருகையாளர் பொருளை விட்டுவிட்டுப் போனால் நாளைக்குக் காணோம், திருடிவிட்டார்கள் என்று புகார் வரலாம். அதற்காகத் தபால் பதிவேட்டில் 'மண்சட்டி ஒன்று' என்று எழுதி, சீட்டு ஒட்டி, கோப்பு எண் போட்டு, பதிவறைக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் ஒரு வாரம் சிரிப்பு. ஆர்.ஐ. அம்மாவுக்குச் சீர் வந்திருக்கிறது என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் அது சாபம் என்று ஒரு பயம் இருந்தது. எலியைப் புகை போட்டு வெளியே இழுக்கிற சட்டியை ஒருத்தி நம் மேசையில் வைத்துவிட்டு 'நா வரேன்' என்று போனால் வேறு என்ன நினைப்பது?

மூன்று வருடம் போயிற்று. வேறொரு வேலையாக, ஒரு வாய்க்கால் ஆக்கிரமிப்பை அளக்கத் திருப்புட்குழிக்குப் போயிருந்தேன். சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் ஒரு இருளக் கணவனும் மனைவியும் எலி வளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், தங்கள் பாட்டுக்கு. நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லை அள்ளினாள் மனைவி. பாதியில் நிறுத்தினாள். கணவன் மண்ணைத் தள்ளி வளையை மூடினான். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்; வரப்பில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. ஏன் மிச்சம் வைத்தீர்கள் என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

கணவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதுவும் சேத்து வச்சதுதானமா. மொத்தமா எடுத்துட்டா அது இன்னா துன்னும்? எங்க சாமி கன்னியம்மா அப்டி எடுக்க வுட மாட்டா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "நெலத்துக்காரங்க வந்து நின்னுக்கினாத்தான் அடி வரைக்கும் வெட்டச் சொல்லுவாங்க. அப்பத்திக்கி வேற வழி கெடையாது" என்றான்.

என் அப்பா வரப்பில் குடையோடு நிற்பார். "தோண்டுடா, இன்னும் தோண்டு, ஒரு மணி விடாதே" என்பார். அந்தக் குரல் எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அன்றுவரை தெரியவில்லை. நான் இருளர் குணம் என்று நினைத்தது என் அப்பாவின் குணம். அதை வைத்து ஒரு இருளப் பெண்ணை இருளர் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. தவறு தெரிந்துவிட்டது. மறுநாளே கோட்டாட்சியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்; என் அறிக்கை பிழையானது, மறு விசாரணை தேவை என்று நான்கு வரி. எழுதவில்லை. என் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த சமயம். தன் அறிக்கையைத் தானே தவறு என்று எழுதுகிற அதிகாரியை யார் நம்புவார்கள்? மேலும் அந்தப் பெண்ணின் இடம் எப்படியும் போய்விட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது, இனிக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று நாளில் கோப்பை முடிக்கிறவள் இந்த ஒன்றைப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தேன். இடமாற்றம் வந்தது, பதவி உயர்வு வந்தது, மகன் கல்யாணம் வந்தது. எங்கே போனாலும் உட்கார்ந்த இடத்தில் ஒரு அரிப்பு. தெருவில் பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது, நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வருகிற சத்தத்தில் என் கால் தானாக ஆடும். என் கணவர் முழங்கால் மேல் கையை வைத்து அமுக்கி நிறுத்துவார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் பழைய அலுவலகத்துப் பதிவறைக்குப் போனேன். சட்டி இருந்தது. பதிவறை எழுத்தர் அதை அலமாரி விளிம்பில் துளை கீழே வரும்படி நிறுத்தி, உள்ளே சணல் நூல்கண்டு போட்டு வைத்திருந்தார். கோப்புக் கட்ட நூல் வேண்டுமென்றால் துளை வழியாக இழுத்துக்கொள்ள வசதி. "இது ரொம்ப உபயோகமா இருக்குதுங்க மேடம்" என்றார். நூல்கண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டேன். கோப்பு அழிப்புக்குப் போகிற காலம் தாண்டிவிட்டது, யாரும் கேட்கவில்லை. சட்டிக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் கால் ஆடுவது நிற்கும் என்று நினைத்தேன்.

ஆறு வருடம் தேடினேன். தென்னேரி ஏரிக்கரையில் அந்தக் குடிசைகள் இல்லை. செங்கல் சூளைக்குப் போனார்கள் என்றார்கள். சூளையில் போய்க் கேட்டால் அரிசி ஆலை என்றார்கள். ஆலையில், அவர்கள் போய் இரண்டு பருவம் ஆகிவிட்டது என்றார்கள். ஒவ்வொரு முறையும் சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவேன், திரும்பக் கொண்டுவந்து மரத்தட்டில் வைப்பேன். "உனக்கும் சட்டிக்கும் பஸ் பாஸ் எடுத்துடலாமா?" என்றார் என் கணவர். கடைசியில் ஒரு சூளைக் கணக்கர்தான் யோசனை சொன்னார். மாசி மகத்துக்கு எந்த ஊர் இருளரும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள், அங்கே போய்த் தேடுங்கள் என்றார். முப்பது வருடம் இந்த ஜனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அறிக்கை எழுதியவளுக்கு இது தெரியவில்லை.

இந்த மாசியில் போனேன். காலை ஏழு மணி. கடற்கரை முழுவதும் சவுக்குக் கழி நட்டுப் புடவைகளைச் சுற்றிக்கட்டிய கூடாரங்கள். காஞ்சிபுரத்துக்காரிக்குப் புடவையைக் கண்டால் கண் தானாக இழை பார்க்கும். எல்லாம் நைலக்ஸும் பாலியெஸ்டரும், வெயிலில் வெளுத்தவை. ஈர மணலில் ஏழு படி கட்டிப் பூவும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தாலி கட்டு நடந்தது. ஒவ்வொரு கூடாரமாக, தென்னேரிக் குடும்பம் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனேன். நான் கண்டுபிடிக்கும் முன்னால் ஒருத்தி என்னைக் கண்டுபிடித்தாள்.

"நீங்க ஆர்.ஐ. மேடம்தான?"

நாற்பது வயதை நெருங்கிய பெண். சட்டிக்காரம்மாவின் மகள். அன்று வயலோரம் பழைய பள்ளிச் சீருடையில் தள்ளி நின்றிருந்தவள்; அன்று நான் அவள் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அம்மாவுக்கானவை. பையிலிருந்து சட்டியை எடுத்து நீட்டினேன். நான் செய்தது தப்பு, எனக்குப் பிறகு தெரிந்தது, தெரிந்தும் எழுதவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அழுகையும் வந்துவிட்டது.

அவள் சட்டியை வாங்கவில்லை. "எனக்குப் போனது போச்சி மேடம். பதினெட்டு வருசமா அரிசி ஆலையில நெல்லு காய வச்சிக்கினு இருக்கிறேன். அதுக்கு நீங்க அழுதா எனக்கு இன்னா வரப்போவுது?" என்றாள். பிறகு கூடாரத்துக்குள் திரும்பிக் கூப்பிட்டாள். பதினேழு வயதில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் மகள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறாள், அம்மாவுக்குக் கிடைக்காத அதே செவிலியர் படிப்புக்குத்தான் போக வேண்டுமாம். "மேடத்துக்கு அத்த காட்டு" என்றாள் தாய். பெண் கைப்பேசியை நீட்டினாள். சான்றிதழ் மனு போன மாதம் தள்ளுபடி ஆகியிருந்தது. காரணம் என்ற இடத்தில், இக்குடும்பத்தின் முந்தைய மனு கள விசாரணையில் நிராகரிக்கப்பட்டது என்று போட்டு, பழைய அறிக்கையிலிருந்து ஒரு வரி. 'மேற்படி இனத்தின் பழக்கவழக்கங்களைக் கடைப்பிடிப்பவர்களாகத் தெரியவில்லை.' கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டேன். கோப்பு அழிந்துவிட்டது, என் வாக்கியம் மட்டும் கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"எங்கம்மா அந்தச் சட்டிய ஏன் வச்சிட்டு வந்திச்சின்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று தாய் கேட்டாள்.

கோபத்தில் என்று நினைத்தேன் என்றேன். சாபம் என்று நினைத்ததைச் சொல்லவில்லை.

"கோவமா? எங்கம்மாவா? வூட்டுக்கு வந்து சொல்லிச்சி. அந்த ஆபீசுக்கு நாம மறுக்கா மறுக்கா போவணும். எனக்கு இல்லாங்காட்டியும் என் புள்ளைங்களுக்கு, அதுங்க புள்ளைங்களுக்கு. நம்மளுது ஒண்ணு அங்க இருந்தாத்தான் திரும்பப் போவ மொகம் இருக்கும்னு சொல்லிச்சி. வளையில நெல்லு வுட்டுட்டு வர்றம்ல, அதுமாரி. நீங்க இன்னாடான்னா அத்தப் போயி எடுத்துக்கினு வந்து நிக்கிறீங்க."

அப்போது எனக்கு ஏற்பட்டதை வெட்கம் என்று மட்டும் சொன்னால் போதாது. அவளிடமிருந்து நான் எடுத்தவை போதாதென்று, அவள் பேரப்பிள்ளைகளுக்காக விட்டு வைத்ததையும் தோண்டி எடுத்து வீட்டில் செருப்புக்கு மேலே வைத்திருந்திருக்கிறேன். வரப்பில் குடையோடு நின்ற மனிதரின் மகள்தான் நான், சந்தேகமே இல்லை.

"எனக்குக் குடுக்காதீங்க மேடம். எடுத்த எடத்துல வையுங்க" என்றாள். "வாயால சொன்னது போதும். எழுதிக் குடுங்க."

மறுநாள் காலையே போனேன். வட்டாட்சியர் அலுவலகம் முழுக்க மாறியிருந்தது. டோக்கன், கண்ணாடித் தடுப்பு, கம்ப்யூட்டர். முப்பது வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் முதல்முறையாக இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் சட்டி. வெளிர் நிறப் புடவையில் கரி ஒட்டியது. இரண்டு மணி நேரம். எழுந்து நடக்க வேண்டும் போல் கால் துடித்தது; நடக்கவில்லை. வராந்தாவில் சட்டிக்காரம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அன்று நான் யாரையும் கேட்கவில்லை.

மனு இரண்டு பக்கம். வளையை ஏன் மூடினார்கள், எலியை ஏன் விட்டார்கள், உதட்டில் என்ன தழும்பு இருந்தது, என் அப்பாவின் வயலில் நான் என்ன பார்த்தேன், திருப்புட்குழியில் என்ன தெரிந்தது, அதற்குப் பிறகும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம் எழுதியிருந்தேன். என் பழைய பதவி, பணியாளர் எண், கையெழுத்து. இதனால் என் ஓய்வூதியத்துக்கு ஏதாவது வில்லங்கம் வருமா என்று கணவர் கேட்டார். வந்தால் வரட்டும் என்றேன். அவர் அதற்கு மேல் கேலி செய்யாமல் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் என் மருமகள் வயது. மனுவை ஸ்கேன் செய்தாள். சட்டியைப் பார்த்துத் திகைத்தாள். "மேடம், இத அப்லோட் பண்ண முடியாதுங்களே."

"தபால் பதிவேட்டுல எழுதிக்கோம்மா. ஏற்கெனவே நம்பர் இருக்குது பாரு."

அவள் சட்டியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள், பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டாள், கடைசியில் ஒரு பதிவேட்டைத் தேடி எடுத்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "மனுதாரருக்கு நீங்க என்ன உறவு மேடம்? இந்தக் கட்டத்த நிரப்பலன்னா உள்ள போகாது" என்றாள். அம்மா, அப்பா, காப்பாளர், மற்றவை என்று இருந்ததாம். மற்றவை என்றேன். என்ன என்று டைப் செய்ய வேண்டும் என்றாள்.

"தவறான அறிக்கை எழுதியவர்னு போடும்மா."

விரல்கள் நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போட்டாள்.

சட்டியைத் தூக்கித் தன் மேசையோரம் வைத்துக்கொண்டு, "எப்ப வந்து திருப்பி எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். இது இங்கயே இருக்கட்டும்மா" என்றேன்.

பங்குனி பாதி ஆகிவிட்டது. மறு விசாரணைக்கு உத்தரவு ஆகியிருப்பதாக அந்தப் பெண்ணின் கைப்பேசிக்குத் தகவல் வந்திருக்கிறது. புதிய ஆய்வாளர் எந்த நாளும் வரலாம். அவர் என்ன கேட்பார், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பாரா என்று தெரியவில்லை. தினம் இரண்டு முறை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்கிறேன். மாடிப்படிக்குக் கீழே மரத்தட்டின் மேல், சட்டி இருந்த இடத்தில் கரி வட்டமாகப் படிந்திருக்கிறது. சட்டிக்காரம்மாவின் உதட்டில் இருந்த அளவுதான். கணவர் சோப்புத் தண்ணீரும் துணியுமாக வந்தார். துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.